மேசைக்குக் குளிரும்

மரத்துக்குக் குளிரும் என்பது ஆக்லாந்து வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மரத்துக்குக் குளிருமாம், மரத்தை ஒட்டுகிற பசைக்குக் குளிருமாம், மேலே பூசுகிற வார்னிஷுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் குளிருமாம். என் மாப்பிள்ளை வெற்றி இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு விளக்குவார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "அப்படிங்களா மாப்பிள்ளை" என்று கேட்டுக்கொள்வேன். கையை வெளியே எடுத்தால் நடுங்குவது தெரிந்துவிடும்.

நான் கரூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பழனிவேல் மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் விசில் சத்தம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். சித்திரை வெயிலில் நான் காய்ந்துகொண்டிருந்தபோது மகள் சிந்து போனில், "கொஞ்ச நாள் இங்க வந்து இருந்துட்டுப் போங்கப்பா" என்றாள். மனைவி பங்கஜம் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மகன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் கிளம்பினேன். நமக்கு வெயில் காலம் என்றால் அவர்களுக்குக் குளிர்காலம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பூகோள வாத்தியார் லீவு போட்ட நாளெல்லாம் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து பூமி உருண்டையைச் சுற்றிக் காட்டியவன் நான். தெரிந்திருந்தது, உறைக்கவில்லை.

ஆக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில் என்கிற பகுதியில் அவர்களுடையது பழைய மரவீடு. வந்த அன்று சிந்து இரண்டு அறைகளைத் திறந்து காட்டினாள்.

"வடக்கு ரூம்ல நல்லா வெயில் வரும்ப்பா. அதுல படுத்துக்கங்க."

"வெயிலப் பாத்து அலுத்துப் போய்த்தானம்மா வந்திருக்கேன். தெக்கு ஜன்னல் ரூமக் குடு. தென்றல் வரும்."

"இங்க தெக்குன்னா அண்டார்டிகாப்பா."

"வரட்டுமே. நான் பாக்காத காத்தா?"

வந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் மரச்சுவருக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு சந்து. அதில் நுழையும் காற்று விசில் அடித்துக்கொண்டே நுழையும். வாழ்நாளெல்லாம் நான் ஊதிய விசில் எனக்கே திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை சக்கரம் வைத்த எண்ணெய் ஹீட்டர் ஒன்றை என் அறை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தார். "மாமா, ஹீட்டர் வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எனக்கெதுக்கு மாப்பிள்ளை? வருசம் பூரா பச்சத்தண்ணில குளிக்கிற கட்டைங்க இது."

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவர் அதைத் திருப்பி உருட்டிக்கொண்டு போய்விட்டார். கூடத்துப் பலகைத் தரையில் அந்தச் சக்கரங்கள் கடகடவென்று போன சத்தத்தைக் கட்டிலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன்.

இதில் அவர் மேல் தப்பே இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்வது மரியாதை. இரண்டாம் தடவை கேட்பது கேட்பவருடைய கடமை. இரண்டாம் தடவைக்குக் கொஞ்சம் இழுத்தாற்போல் "சரி, வைங்க" என்று சொன்னால் இரண்டு பேருக்கும் கௌரவம். மாப்பிள்ளை படிக்கிற வயதிலேயே இங்கே வந்துவிட்டவர். சிந்துவும் இங்கே வேலை பார்த்துப் பார்த்து மாறிவிட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற ஊர் இது. வந்த இரண்டாம் நாள், "இன்னொரு தோசை வைக்கட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "போதுங்க" என்றேன். தோசைக்கல்லை இறக்கிவிட்டார்கள். நான் அரை வயிற்றோடு கை கழுவினேன்.

நானே போய்க் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் அது வேண்டும் இது வேண்டும் என்று கை நீட்டக்கூடாது. என் அப்பா என் அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். போதாததற்குத் தெற்கு அறை நானாகக் கேட்டு வாங்கியது. பச்சைத்தண்ணீர்ப் பெருமை வேறு பேசியாகிவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். பங்கஜம் தினமும் போனில், "அங்க குளிருதாங்க?" என்று கேட்பாள். "ஏது குளிரு" என்பேன்.

மாப்பிள்ளைக்கு மரவேலையில் ஒரு பைத்தியம். ஆபீசில் கம்ப்யூட்டர், வீட்டில் ரம்பம். இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து ரிமு மரப் பலகைகள் வாங்கி வந்து கராஜில் பெரிய சாப்பாட்டு மேசை ஒன்று செய்துகொண்டிருந்தார். நமக்குத் தேக்கு எப்படியோ அப்படி இவர்களுக்கு ரிமு. குளிரிலும் ஈரத்திலும் பசை பிடிக்கவில்லை, வார்னிஷ் காயவில்லை. அதனால் கராஜுக்கு எந்த ஹீட்டர் போடுவது என்பது அந்த வீட்டின் முக்கியமான பிரச்சினை ஆனது. என்னிடமும் யோசனை கேட்டார். பெரிய மனசு.

"கேஸ் ஹீட்டர் சட்டுனு சூடாகும் மாமா. ஆனா அது எரியறப்ப ஈரத்தையும் சேத்து விடும், வார்னிஷ் வெளுத்துரும். அதுவும் போக, மரத்தூள் பறக்கிற எடத்துல நெருப்ப வைக்க முடியுமா?"

"கூடாதுங்க."

"செவுத்துல மாட்டற பேனல் ஒண்ணு இருக்கு. எதுத்தாப்புல நின்னா மட்டும்தான் சுடும். முதுகுக்குச் சூடு வராது."

முன்பக்கம் மட்டுமாவது சுடட்டுமே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"இந்த எண்ணெய் ஹீட்டர் அவ்ளோ பெரிய எடத்த சூடாக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப ஹீட் பம்ப்தாங்க சரி" என்றேன், ஏதோ தீர்ப்பு சொல்வதுபோல.

"கரெக்ட் மாமா! தூசி ஏறும், பில்டர மட்டும் அடிக்கடி கழுவணும். ஆனா மொதல்ல சந்தெல்லாம் அடைக்கணும். இல்லன்னா சூடு பூரா ரோட்டுக்குத்தான் போகும்."

அடைத்தார். கராஜின் ஷட்டர் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டினார். கூரைக்குக் கம்பளிப் பஞ்சு மெத்தைகள் வாங்கி வந்து அடைத்தார். நான்தான் கீழே நின்று ஒவ்வொரு மெத்தையாக எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்குமுன் ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை பாட்டனி டவுன்ஸில் இருக்கிற பெரிய கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஒவ்வொரு பெட்டியாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வரிசையாக எரியவிட்டிருந்த ஹீட்டர்களுக்கு முன்னால் முன்பக்கம் கொஞ்சம் பின்பக்கம் கொஞ்சம் என்று திரும்பித் திரும்பி நின்றேன். கடைப் பெண் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"மாமாவுக்குக் கடை ரொம்பப் புடிச்சிப் போச்சு" என்று அன்று மாப்பிள்ளை சிந்துவிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஹீட் பம்ப்பை மாட்ட வந்தவர் பெயர் ஜிதேந்திரா. ஃபிஜியில் பிறந்தவர், ஐம்பதைத் தொட்ட ஆள். முன்னோர்கள் தெற்கத்திக்காரர்கள் என்று சொன்னார், ஆனால் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. என் ஆங்கிலம் 'அட்டென்ஷன்', 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' என்று மைதானத்தோடு நின்றுவிட்ட ஆங்கிலம். அவர் என்னை அங்கிள் என்றார், நான் அவரை சார் என்றேன். பார்ப்பதற்கு நம் ஊர் ஏ.சி. பெட்டிதான். அது குளிரை ஊதும், இது சூட்டை ஊதும். வேலை முடிந்து ரிமோட்டை அழுத்தியதும் வந்த முதல் காற்று என் முகத்தில் பட்டபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை, "பசை காயணும் மாமா, ஹீட்டர ஓட விட்டிருக்கேன். அப்பப்ப போய் எட்டிப் பாத்துக்கங்க" என்றார். எட்டிப் பார்க்கப் போனவன் மத்தியானம் வரைக்கும் திரும்பி வரவில்லை. மூலையில் கிடந்த மடக்கு நாற்காலியை விரித்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கூடத்து ஹீட்டரைத் தொட எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் ஆளில்லாத நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டால் அதற்குப் பேர் வேறு. இது அப்படியில்லை, மேசைக்காக ஓடுகிற சூடு. ஓரமாக ஒதுங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? இப்படித்தான் ஆரம்பித்தது. சில நாளில், மாப்பிள்ளை அணைத்துவிட்டுப் போன நாட்களிலும் என் விரல் ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டது. அவர்கள் திரும்புவதற்கு முன்னால் அணைத்து, நாற்காலியை மடக்கி, கம்பளியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடிவிடுவேன். சொந்த மகள் வீட்டில் திருடன்போல நடமாடினேன்.

பங்கஜத்திடம் மட்டும் மறைக்க முடியவில்லை. வீடியோவில் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்குப் பின்னாடி ரம்பம் தொங்குது?"

"கராஜ்ல இருக்கேன்."

"அங்க என்னங்க பண்றீங்க?"

"மேசைக்குக் காவல்."

"வாயத் தொறந்து கேட்டா என்னங்க? அழுத புள்ளதான் பால் குடிக்கும்."

"நான் புள்ளையாடி?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

மேசை முடிகிற கட்டத்துக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு நாள், மாப்பிள்ளை காலையிலேயே எழுந்து கடைசிப் பூச்சு வார்னிஷ் அடித்தார். குனிந்து குனிந்து பார்த்து, ஒரு தூசியைக்கூடச் சாமணத்தால் எடுத்தார். பிறகு அவசர மீட்டிங் என்று ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். போகும்போது, "மாமா, இன்னிக்கு மட்டும் கராஜுக்குள்ள யாரும் போகக்கூடாது. சின்னத் தூசி பட்டாலும் ஒட்டிக்கும்" என்றார். யாரும் என்றார். அந்த 'யாரும்' நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் வரை பொறுத்தேன். மழை பிடித்துக்கொண்டது, தெற்குக் காற்று என் ஜன்னலில் விசில் அடித்தது, கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல் ஆகிவிட்டன. ஓசைப்படாமல் போய் ஓரமாக உட்கார்ந்தால் மேசைக்கு என்ன தெரியப் போகிறது என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனேன். ஹீட்டர் குறைந்த சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. போதவில்லை. முப்பதுக்கு ஏற்றினேன், காற்றையும் முழு வேகத்துக்கு வைத்தேன். பெட்டிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக் கம்பளியை உதறி விரித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியே கண்ணசந்துவிட்டேன். விழித்ததும் எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு வந்தேன். மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வந்து கராஜ் விளக்கைப் போட்டார். அப்புறம், "சிந்து!" என்று ஒரு குரல். நானும் ஓடினேன். மேசை நெடுகப் பொடிப் பொடியாகச் சாம்பல் நிற முடி ஒட்டியிருந்தது. அவ்வளவு அழகான பலகைக்கு மயிர்க்கூச்செறிந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை அதைத் தொடவும் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

பிறகு போனை எடுத்துப் பார்த்தார். ஹீட்டர் எப்போது எப்படி ஓடியது என்பதை அந்தப் போன் காட்டுமாம். எனக்கு அது தெரியாது.

"பாருங்க மாமா! மத்தியானம் முப்பது டிகிரி, ஃபேன் ஃபுல் ஸ்பீடு! தானா ஏறிருக்கு. மெசின்ல ஏதோ ஃபால்ட். குழாய் போறதுக்கு மேல ஓட்ட போட்டாரில்ல, அத சரியா அடைக்காம விட்டிருக்காரு அந்தாளு. கூரைப் பஞ்செல்லாம் கீழ எறங்கிருக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலறவும் முடியாது. "அடடா" என்றேன். அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும்? குளிரே தெரியாத மனுஷன் ஹீட்டரை முப்பதில் வைப்பானா? நான் அடித்த பெருமையே எனக்குச் சாட்சி சொல்லிக் காப்பாற்றியது. அன்றைக்கு அது என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜிதேந்திரா பார்க்க வந்தார். வீட்டில் நான் மட்டும்தான். அவர் வருகிற வரைக்கும் ஹீட்டரை ஓட்டக்கூடாது என்று மாப்பிள்ளை சுவிட்சையே அணைத்துவிட்டிருந்தார். இருந்தும் பழக்கதோஷத்தில் நான் கராஜில் அதே நாற்காலியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஏணியில் ஏறி ஓட்டையைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார், இறங்கினார். மேசை மேல் ஒட்டியிருந்த முடி ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என் கம்பளியைப் பார்த்தார். நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதைப் பார்த்தார்.

"அங்கிள், குளிரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ, நோ. ஐ ஆம் பி.டி. மாஸ்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்குவதுபோல் பிடித்து, விடாமல் வைத்திருந்தார். என் கை எப்படி இருந்தது என்பது அவர் கையின் சூட்டில்தான் எனக்கே தெரிந்தது. நான் இன்னொரு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். "ப்ளீஸ். சன்-இன்-லா. நோ டெல்" என்றேன். வாழ்க்கையில் எவனையும் கும்பிட்டு நிற்காதவன், பெயர் மட்டுமே தெரிந்த ஒருவர் முன்னால் மரத்தூளுக்கு நடுவில் கும்பிட்டு நின்றேன்.

"ஓகே அங்கிள். கவலைப்படாதீங்க" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார் அவர். வெளியே போய் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார்.

அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "பாத்தீங்களா மாமா, சின்ன ஃபால்ட் இருக்கலாம்னு அவரே ஒத்துக்கிட்டாரு. சனிக்கிழம வந்து வேற மெசின் மாத்தறாராம். மாத்தட்டும். ஆனா நான் விடப்போறதில்ல. நம்ம தமிழ் குரூப்ல போட்டுர்றேன், யாரும் இந்தாளக் கூப்புடாதீங்கன்னு. தெரியாத ஆளுகள நம்புனா இதுதான்."

எழுதியும் வைத்திருந்தார். படித்துக் காட்டினார். ஜிதேந்திராவின் பெயர், போன் நம்பர், செய்த வேலை, மேசையின் படம். மவுண்ட் ரோஸ்கில்லில் நம் ஆட்கள் ஒருவர் சொல்லித்தான் ஒருவர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பத்து வரி போனால் அந்த மனுஷனுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாதிச் சாப்பாட்டில் கையை எடுத்துவிட்டேன். "போதும்" என்றேன். நிஜமாகவே போதும் என்று சொன்னது அன்று ஒரு தடவைதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சனிக்கிழமை வரைக்கும் தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் வகுப்பையே மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, "தப்புப் பண்ணவன் ஒரு அடி முன்னால வாடா" என்பேன். எவனும் வரமாட்டான். "ஒரே ஒரு அடி! அதுக்கு என்னடா இவ்வளவு யோசன?" என்று கத்துவேன். மார்கழி மாதக் காலைப் பிரார்த்தனையில் நடுங்கிக்கொண்டு நின்ற பையன்களை, "நடுங்கறவன் ஆம்பளையாடா?" என்று மைதானத்தைச் சுற்றி ஓட விட்டவன் நான். நடுங்கியவர்களில் ஸ்வெட்டர் இல்லாத பையன்கள்தான் அதிகம். அதை நான் தெற்கு ஜன்னல் அறையில்தான் யோசித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை ஜிதேந்திரா புதுப் பெட்டி ஒன்றை வேனில் வைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை அவரைக் கராஜில் மேசைக்கு முன்னால் நிறுத்திப் பேச ஆரம்பித்தார். ஆங்கிலம்தான், ஆனால் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இத்தனை வார உழைப்பு, அரைகுறை வேலை, பொறுப்பில்லாத ஆள் என்று அடுக்கினார். சிந்து வாசலில் காபித் தம்ளரோடு நின்றாள். ஜிதேந்திரா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பக்கம் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டு, "ஸாரி பிரதர்" என்றார். நான் பிடித்துத் தொங்குகிற மானத்துக்காக அவர் தன் மானத்தை விட்டுக்கொடுத்து நின்றார். மாப்பிள்ளை போனைக் கையில் எடுத்தார்.

நான் வரிசையில் நிற்பவனைப்போல் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"மாப்பிள்ளை, அவரத் திட்டாதீங்க. நான்தான்."

"என்ன மாமா?"

"முப்பதுல வச்சது நான். கராஜுக்குள்ள வந்தது நான். அது கூரைப் பஞ்சு இல்லீங்க, என் கம்பளி."

அவருக்குப் புரியவில்லை. "ஏன் மாமா?" என்றார்.

இதற்குத்தான் பயந்தேன். தப்பைச் சொல்வது சுலபம், காரணத்தைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. சிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் முன்னால் சொல்ல வேண்டும்.

"குளிருச்சுங்க" என்றேன்.

ஜிதேந்திராவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர்தான் முதலில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்ப இருந்துப்பா?" என்றாள் சிந்து.

"வந்ததுல இருந்தும்மா."

"கேட்டிருக்கலாமே மாமா..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கண் கதவுக்கு அடியில் ஒட்டிய ரப்பர் பட்டைக்குப் போனது, கூரைக்குப் போனது, கடைசியில் மேசைக்கு வந்து நின்றது. அவர் காது மடல்கள் சிவந்துவிட்டன. நான் ஒருவன் வெட்கப்பட்டது போதாது என்று அவரையும் வெட்கப்பட வைத்துவிட்டேனே என்று இருந்தது.

"நீங்க கேட்டீங்க மாப்பிள்ளை. நான்தான் வேண்டாம்னேன்" என்றேன்.

"ஒரு தடவதானப்பா கேட்டோம்" என்றாள் சிந்து. அவள் கையில் காபி ஆறிப்போயிருந்தது. அவளும் கரூர்க்காரிதான். மறந்திருந்தது அவளுக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை எழுதி வைத்திருந்ததை ஜிதேந்திராவின் கண்ணெதிரே அழித்தார். ஏதேதோ சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஜிதேந்திரா பரவாயில்லை என்று தோளில் தட்டிவிட்டு, புதுப் பெட்டியைப் பிரிக்காமலே வேனுக்குத் தூக்கினார். போகும்போது என்னிடம் வந்து மறுபடி கையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கூடத்துப் பலகையில் அந்தச் சக்கரச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது என் அறையைப் பார்த்து வந்தது. மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து ஹீட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து சுவிட்சைப் போட்டார். மண்டியிட்டு ஜன்னல் சந்தில் ரப்பர் பட்டையை ஒட்டினார். கராஜுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது போலும்.

மேசையைத் தேய்த்து மறுபடி பூச வேண்டும் என்றார்கள். ஆனால் அன்று சாயங்காலம் சிந்து அதைக் கூடத்துக்குத் தூக்கி வரச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் தட்டைச் சுற்றிப் பளபளப்புக்கு உள்ளே என் கம்பளி முடிகள் தெரிந்தன. தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி அவற்றை மறைக்கப் பார்த்தேன். எங்கே நகர்த்தினாலும் இருந்தன.

"இன்னொரு தோசை வைக்கட்டுமா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"போதுங்க" என்றேன், பழக்கத்தில்.

அவர் தோசைக் கரண்டியோடு அடுப்புப் பக்கம் திரும்பினார். இரண்டு அடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"வைக்கட்டுமா மாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்த தலை நிமிராமல் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.